மூன்று மாதப் பயம்

மேகலா வேலை கேட்டு நான்கு கம்பெனிகளுக்குப் போனாள். முதல் மூன்றுக்கும் நிதானமாகப் போனாள், கிடைக்கவில்லை. நான்காவதற்குப் பேயறைந்த முகத்தோடு போனாள், கிடைத்தது. இதில் ஏதோ இருக்கிறது என்று அவள் அப்போதே யோசித்திருக்கலாம். ஆனால் இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்தவள் கிடைத்த வேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை தேடுவாளா? வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள்.

மருந்துத் தொழிலுக்கு வந்த கெட்ட காலம் அது. வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள், பிறகு உள்ளூர்க்காரர்கள் கடனுக்குக் கேட்டார்கள், பிறகு தொழிற்பேட்டையில் ஒவ்வொரு கம்பெனியாகப் பூட்டு விழுந்தது. ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடம் கல்யாண மண்டபமாக மாறியது. குளிர்சாதன அறைகள் ஏற்கனவே இருந்ததால் பூ வாடாமல் வைக்க வசதியாக இருந்ததாம். முனைவர் பட்டம் வாங்கியவர்கள் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்தார்கள். அந்த வேலைக்கும் சிபாரிசு தேவைப்பட்டது.

மேகலா நுண்ணுயிரியல் படித்தவள். ஊசி மருந்து கம்பெனி ஒன்றில் பதினைந்து வருடம், மருந்தில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அவள் கணவன் சற்குணம் மெடிக்கல் ரெப்பாக இருந்தவன். டாக்டர்களிடம் போய் மருந்தைப் பற்றிப் பேசும் வேலையை ஒரு மென்பொருள் எடுத்துக்கொண்டது. அதற்கு பெட்ரோல் அலவன்ஸ் கூட வேண்டாம் என்று சற்குணம் சொல்லிச் சிரிப்பான். ஆரம்பத்தில்தான் சிரித்தான். மகள் நிலானி பதினோராம் வகுப்பு. பயாலஜி குரூப் எடுத்திருந்தாள். பெற்றோர் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதைத் தவிர்த்தார்கள்.

அந்தக் காலத்தில் எந்த மருந்து கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போனாலும் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொள்வார்கள். நிலைத்தன்மைச் சோதனை என்று அதற்குப் பெயர். அதன் முடிவாக ஓர் எண் வரும். அந்த எண் எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவான பதிவகத்துக்குப் போகும். அது எதை அளக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. பெயரைப் பார்த்து எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: மனம் அலைபாயாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், அமைதியானவர்களுக்கே வேலை. உடனே வேளச்சேரியிலும் தாம்பரத்திலும் அமைதிப் பயிற்சி மையங்கள் முளைத்தன. மூச்சை இழு, நிறுத்து, விடு. மேகலாவும் சேர்ந்து மாதக்கணக்கில் மூச்சு விட்டாள். வகுப்பிலேயே சாந்தமானவள் என்று மாஸ்டர் பாராட்டினார். அந்தச் சாந்தத்தோடு மூன்று கம்பெனிகளுக்குப் போய்த் தோற்றாள்.

பிறகு பயிற்சிக்குக் கட்டப் பணமில்லாமல் நின்றாள். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார். சற்குணம் ராத்திரியில் தூங்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதை அவளும் தூங்காமல் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். சோற்றை வாயில் வைத்தால் இறங்கவில்லை. அழைப்பு மணி அடித்தால் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள். அப்படியே நாலு மாதம் போனது. அந்த நிலையில் வெண்சங்கு பார்மாவிலிருந்து அழைப்பு வந்தது. ரத்தம் எடுத்தார்கள். மறுநாளே வரச்சொல்லிவிட்டார்கள்.

வெண்சங்கு, கண்ணுக்கான திரவங்கள் செய்யும் கம்பெனி. கண்புரை அறுவையின்போது கண்ணுக்குள் விட்டுக் கழுவும் திரவம்தான் அதன் முக்கியமான சரக்கு. இலவசக் கண் முகாம்கள் நடத்தும் பல அமைப்புகள் இங்கேதான் வாங்கின. கம்பெனியின் சிபாரிசில் அப்படிப்பட்ட ஓர் அமைப்பில் சற்குணத்துக்கும் ஒரு வேலை கிடைத்தது. ஊர் ஊராக வேனில் போய்ப் பார்வை மங்கியவர்களை முகாமுக்கு அழைத்து வரும் வேலை. வீட்டில் மறுபடி மீன் குழம்பு வாசம் அடித்தது. வீட்டுக்காரர் வணக்கம் சொன்னார்.

முதல் சில வாரங்கள் மேகலாவுக்கு வெண்சங்கு கோயில் மாதிரி இருந்தது. யாரும் குரலை உயர்த்தவில்லை. கதவை யாரும் அறைந்து சாத்தவில்லை. கேன்டீனில் முந்நூறு பேர் சாப்பிட்டாலும் தட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். உப்பில்லாத சாம்பாரை ஒருநாள் எல்லோரும் கடைசிச் சொட்டு வரை சாப்பிட்டுவிட்டு எழுந்து போனதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு முதல் முறையாக என்னவோ போல் இருந்தது. பழைய கம்பெனியில் என்றால் சமையல்காரரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள். அவளும் அன்று வாயைத் திறக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் அவளுக்கே உறைத்தது.

மாதம் ஒருமுறை எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எடுப்பவர் டாக்டர் இக்பால். கம்பெனியின் மருத்துவ அதிகாரி, அறுபதை ஒட்டிய வயது, ஊசி குத்துவது தெரியாமல் குத்துவார். எண்ணைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் அடுத்தவரைக் கூப்பிடுவார்.

மேகலாவின் வேலை பழைய வேலைதான். ஒரே தடவையில் தயாராகும் பாட்டில்களுக்கு பேட்ச் என்று பெயர். ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் சில பாட்டில்களை எடுத்து, கிருமி வளரக்கூடிய சத்துத் திரவத்தில் அந்த மருந்தைச் சேர்த்து, கண்ணாடிக் குழாய்களில் இளஞ்சூட்டில் இரண்டு வாரம் வைப்பார்கள். கிருமி இல்லையென்றால் குழாய் தெளிவாக இருக்கும். இருந்தால் கலங்கும். அவ்வளவுதான் விஷயம். கறுப்பு அட்டைக்கு முன்னால் குழாயைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் பார்க்க வேண்டும். தெளிவு என்றால் "கிளியர்" என்பார்கள்.

பழைய கம்பெனியில் முதல் ஆள் பார்த்து முடித்து வெளியே போகும்வரை இரண்டாவது ஆள் அறைக்குள் கால் வைக்கக்கூடாது. முதல் ஆள் என்ன சொன்னார் என்று இவர் காதில் விழவே கூடாது. வெண்சங்கில் நேரம் மிச்சம் பிடிக்க இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஒருத்தர் குழாயைத் தூக்கி "கிளியர்" என்பார். மற்றவர் "கிளியர்" என்பார். பஜனையில் பின்பாட்டு பாடுவதைப் போல் ஒரு தாளத்தில் போகும். மேகலாவுக்கு இது சரியில்லை என்று தெரியும். வந்த புதிதில் சொல்ல வேண்டாம் என்று நினைத்தாள். பழகியபிறகு சொல்ல வேண்டாம் என்று நினைத்தாள்.

அன்றைக்கு அவளோடு நின்றவள் ஜோஸ்பின். இருபத்தாறு வயது, மேகலாவை அக்கா என்று கூப்பிடுவாள், அம்மாவும் இரண்டு தம்பிகளும் அவள் சம்பளத்தில் சாப்பிட்டார்கள். நாலு குழாய் வரை தாளம் தப்பாமல் போனது. ஐந்தாவது குழாயை ஜோஸ்பின் தூக்கிச் சுழற்றினாள். அடியிலிருந்து புகை மாதிரி ஒன்று சுருண்டு எழுந்தது. கஞ்சித் தண்ணீர் ரெண்டு சொட்டு விட்டால் எப்படியிருக்குமோ அப்படி. ஜோஸ்பினின் கை நின்றது. ஒரு மூச்சு நேரம் இருவரும் அதையே பார்த்தார்கள்.

"கிளியர்," என்றாள் ஜோஸ்பின்.

மேகலா வாயைத் திறந்தாள். வீட்டுக்காரர் முகம் வந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த சற்குணம் வந்தான். நிலானியின் பயாலஜி புத்தகம் வந்தது.

"கிளியர்," என்று அவள் குரல் சொன்னது.

அந்தப் பேட்ச் மூன்று நாள் கழித்து இறுதிக் கையெழுத்துக்குப் போகும். இறுதிக் கையெழுத்து எட்வின் சாருடையது. அவர் அனுபவஸ்தர், குழாய்களைத் தானும் ஒருமுறை பார்ப்பார், அவர் கண்ணுக்குத் தப்பாது என்று மேகலா தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். பாத்ரூமில் போய்க் கையைக் கழுவினாள். துடைத்துவிட்டு மறுபடி கழுவினாள்.

மறுநாள் எட்வின் சார் இல்லை. மேசை துடைத்து வைத்திருந்தது. கேட்டதற்கு எல்லோரும் குனிந்து வேலையைப் பார்த்தார்கள். அன்று மாதாந்திர ரத்தம் எடுக்கும் நாள். மேகலா தன் முறை வந்ததும் இக்பாலிடம் கேட்டுவிட்டாள். எப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. பயம் ஓர் அளவுக்கு மேல் போனால் வாய் தானாகத் திறந்துகொள்ளும் போலிருக்கிறது.

இக்பால் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"எட்வினோட பொண்ணு கனடாவுல இருக்கா. அப்பா, நீங்க இங்க வந்துடுங்கன்னு சொல்லி விசாவும் எடுத்துட்டா. அதுலேர்ந்து மூணு மாசமா மனுஷன் நிம்மதியா இருக்கார். அதிகாரிங்களுக்கு நேத்தே ரத்தம் எடுத்தோம், நம்பர் இறங்கியிருந்துச்சு. அனுப்பிட்டாங்க."

"நிம்மதியா இருந்தா அனுப்பிடுவாங்களா சார்?"

"இந்த டெஸ்ட் எதைப் பார்க்குதுன்னு நீங்க நினைச்சீங்க, மேடம்?"

மேகலா மூச்சுப் பயிற்சியைச் சொன்னாள். இக்பால் சிரித்தார். சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

"சர்க்கரைக்கு மூணு மாசச் சராசரின்னு பார்ப்பாங்கல்ல. டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மட்டும் லட்டு சாப்பிடாம இருந்து ஏமாத்த முடியாது. காட்டிக் கொடுத்துடும். இது அதே மாதிரிதான். பயத்துக்கு. ஒருத்தர் மூணு மாசமா எவ்வளவு பயந்து கெடந்தார்ங்கறது ரத்தத்துல தங்கியிருக்கும். அதைத்தான் எடுக்கறோம். நம்பர் ஜாஸ்தியா இருக்கறவங்களுக்கு வேலை."

"பயந்தவங்க எதுக்கு சார்?"

"பயந்தவங்க வேற வேலை தேட மாட்டாங்க. லீவு கேக்க மாட்டாங்க. சங்கம் வைக்க மாட்டாங்க." ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினார். "முக்கியமா, ஒண்ணைப் பார்த்தா பார்த்தேன்னு சொல்ல மாட்டாங்க."

அவருக்குத் தெரியுமா, பொதுவாகச் சொல்கிறாரா என்று மேகலாவுக்குப் புரியவில்லை. முந்நூறு பேர். ஒருத்தர் விடாமல் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். இந்தக் கட்டடத்தில் "முடியாது" என்று சொல்லக்கூடிய ஒரே ஓர் ஆள் கூட இல்லை. இருந்த ஒருவருக்கும் இருபத்துநாலு மணி நேரத்தில் மேசையைத் துடைத்துவிட்டார்கள்.

இக்பால் தானாகவே பேசினார். இருபது வருடத்துக்கு முன்னால் அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து கண்டுபிடித்த சோதனை அது. வாய் பேச முடியாத குழந்தைகள் ஆஸ்பத்திரியில் எவ்வளவு பயப்படுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ப வைத்தியம் செய்யத்தான் கண்டுபிடித்தார்கள். நிதி நின்றது, ஆராய்ச்சி நின்றது, சோதனையை ஒரு வேலைவாய்ப்பு நிறுவனம் விலைக்கு வாங்கியது. அதோடு சேர்த்து அவரையும் வாங்கி இங்கே உட்கார வைத்தது. அவர் ரத்தத்தையும் மாதாமாதம் எடுக்கிறார்களாம். அவரே எடுத்துக்கொள்கிறார்.

"அது ஒருத்தர் எதை நினைச்சுப் பயப்படறார்னு சொல்லுமா, சார்?"

இக்பால் ரத்தம் எடுத்த சீசாவில் அவள் பெயரை ஒட்டினார்.

"சொல்லாது. அவ்வளவுதான் எங்களால முடிஞ்சுது."

சாயங்காலம் உற்பத்தி மேலாளர் பத்மநாபன் அவளைக் கூப்பிட்டார். மெலிந்த மனிதர், பேசும்போது மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருப்பார். இந்த மாதம் கம்பெனியிலேயே மேகலாவின் எண்தான் உயர்ந்தது என்று நிர்வாகம் மகிழ்ச்சி அடைந்திருப்பதாகச் சொன்னார். எட்வினின் இடத்துக்கு அவளைப் போட்டிருக்கிறார்கள். சம்பளம் கூடும். இனி இறுதிக் கையெழுத்து அவளுடையது. முதல் பேட்ச் நாளை மறுநாள்.

எந்தப் பேட்ச் என்று அவள் கேட்கவில்லை. தெரியும்.

இறுதிக் கையெழுத்து என்றால் கட்டைவிரல் ரேகை. மருந்தைச் செய்வது, நிரப்புவது, மூடுவது எல்லாம் இயந்திரம்தான். ஆனால் இதை மனிதனுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஏதாவது ஆனால் இயந்திரத்தைப் பிடித்து ஜெயிலில் போட முடியாதல்லவா. விரல் வைத்த நொடியே அது அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகக் கணினியில் ஏறிவிடும். ஏற்றுக்கொண்டாலும் சரி, நிராகரித்தாலும் சரி, பிறகு யாராலும் மாற்ற முடியாது.

வீட்டில் சற்குணம் உற்சாகமாக இருந்தான். பதவி உயர்வு என்றதும் நிலானியைக் கடைக்கு அனுப்பி ஜிலேபி வாங்கி வரச்சொன்னான். சாப்பிடும்போது முகாமைப் பற்றியே பேசினான். அடுத்த வாரம் செய்யூர்ப் பக்கம் பெரிய முகாமாம். எந்தக் கண் என்று குழப்பம் வராமலிருக்க அறுவை செய்ய வேண்டிய கண்ணுக்கு மேலே நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிவிடுவார்களாம். ஒருத்தர் பேரன் கல்யாணப் பத்திரிகையைத் தானே படிக்க வேண்டும் என்று சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டே சுற்றுகிறாராம்.

"எல்லாரும் ரெடி. உங்க கம்பெனி சரக்குக்குத்தான் காத்துக்கிட்டிருக்கோம்," என்றான். "வந்ததும் ஆரம்பிச்சிடுவாங்க."

"வரலைன்னா?"

"வராம எப்படி? வரலைன்னா முகாம் இல்ல. முகாம் இல்லைன்னா எனக்கு என்ன வேலை?" என்று சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "ஏன்? ஏதாவது பிரச்சினையா?"

"இல்லைங்க."

கண்ணுக்குள் கிருமி போனால் என்ன ஆகும் என்று அவளுக்குப் பாடமாகவே தெரியும். மறுநாள் காலையில் வலிக்கும். கண்கட்டைப் பிரித்தால் சீழ் இருக்கும். சில நாளில் கண்ணையே எடுக்க வேண்டியிருக்கும். ஒரே பேட்ச் என்பதால் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். அன்றிரவு கண்ணை மூடினால் பிளாஸ்திரி ஒட்டிய நெற்றிகள் வரிசையாகத் தெரிந்தன. திறந்தால் கூரை தெரிந்தது. இரண்டு பக்கமும் பயமாக இருந்தது. எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்று தெரியாமல் விடிந்தது.

மறுநாள் முழுக்க அவள் வழி தேடினாள். உடம்பு சரியில்லை என்று லீவு போடலாம். அப்போது எண்ணில் அடுத்ததாக இருப்பவரை உட்கார வைப்பார்கள். அது ஜோஸ்பின் என்று பத்மநாபனே சொல்லியிருந்தார். மொட்டைக் கடிதம் எழுதலாம். அது போய்ச் சேர்வதற்குள் சரக்கு போய்ச் சேர்ந்துவிடும். கடைசியில் ஜோஸ்பினையே துணைக்குக் கூப்பிடுவோம் என்று தோன்றியது. இருவரும் சேர்ந்து சொன்னால் பயம் பாதியாகும் என்று ஒரு கணக்கு.

கையெழுத்து நாளன்று காலை ஜோஸ்பினைக் குழாய் அறைக்கு அழைத்துப் போனாள். இறுதி அதிகாரி மறுபடி பார்க்கச் சொல்லலாம், அதற்கு விதியில் இடமிருந்தது. பழைய கம்பெனி முறையைச் சொன்னாள். நான் வெளியே நிற்கிறேன், நீ தனியாகப் பார், என் குரல் உன் காதில் விழாது, வாயால் சொல்லவும் வேண்டாம், தெளிவானதை இடது தாங்கியில் வை, கலங்கினதை வலது தாங்கியில் வை, அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டு நடைபாதையில் நின்றாள். உள்ளே கண்ணாடி மோதும் சின்னச் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

கதவைத் திறந்தபோது எல்லாக் குழாய்களும் இடது தாங்கியில் இருந்தன. ஜோஸ்பின் சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, நான் வலது பக்கம்தான் கொண்டு போனேன்க்கா. கை கேக்கல. மன்னிச்சிடுங்கக்கா."

மேகலா அவளைத் திட்டவில்லை. திட்ட என்ன இருக்கிறது, மூன்று நாளுக்கு முன்னால் தானும் அதே கையைத்தானே வைத்திருந்தாள். ஐந்தாவது குழாயை எடுத்தாள். சுழற்ற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மூன்று நாளில் அது மோர் மாதிரி ஆகியிருந்தது.

பத்மநாபன் அறையில் கருவி தயாராக இருந்தது. பச்சைக் கட்டம் ஒன்று, சிவப்புக் கட்டம் ஒன்று. விரலை எதில் வைக்கிறோமோ அது. குழாயை அவர் மேசை மேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், உடனே ஜன்னலைப் பார்த்தார்.

"கிளியர்னு ரெண்டு பேர் சொல்லியிருக்காங்க. ஒருத்தர் நீங்க."

"பொய் சொன்னேன் சார்."

மோதிரம் வேகமாகச் சுழன்றது. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கெஞ்சினார். இந்தப் பேட்ச் போகவில்லையென்றால் அடுத்த மாதம் கம்பெனியே இருக்காது, முந்நூறு குடும்பம் தெருவுக்கு வரும் என்றார். தனக்கும் மூளை வளர்ச்சி இல்லாத ஒரு பையன் இருக்கிறான் என்றார். ஒருவேளை குழாயில்தான் வெளிக்கிருமி பட்டிருக்கலாம், மருந்தில் இல்லாமலும் இருக்கலாம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலே அதை நம்பவில்லை. கடைசியில் மெதுவாக, "எனக்கும் மாசாமாசம் ரத்தம் எடுக்கறாங்கம்மா," என்றார்.

மேகலா உட்காரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். தைரியம் எங்கிருந்தாவது வரும் என்று இத்தனை நேரம் காத்திருந்தாள், அது வரவேயில்லை. வீட்டை நினைத்தால் பயமாக இருந்தது. பத்மநாபனைப் பார்த்தால் பயமாக இருந்தது. சட்டைப்பையில் பத்திரிகையை மடித்து வைத்திருக்கும் அந்த முகம் தெரியாத மனிதரை நினைத்தால் எல்லாவற்றையும் விட அதிகப் பயமாக இருந்தது. விரல் கட்டுக்கடங்காமல் ஆடியதால் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து அழுத்தி, சிவப்புக் கட்டத்தில் வைத்தாள்.

கருவி ஒருமுறை கூவியது. பத்மநாபன் மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

வெளியே அனுப்ப அவர்களுக்கு அரை மணி நேரம் கூட ஆகவில்லை. விதிப்படி, போகும்போதும் ரத்தம் எடுக்க வேண்டுமாம். இக்பால் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தேடி, ஊசியைச் செலுத்தினார். முதல் முறையாக அவளுக்கு ஊசி குத்தியது வலித்தது. அவர் கையும் நிலையில் இல்லை. எண் திரையில் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இறங்கியிருக்கும்னு நினைச்சேன்," என்றார். "துணிஞ்சவங்களுக்கு இறங்கிடும்னுதான் நாங்க எழுதி வெச்சிருக்கோம்."

"எனக்குப் பயமா இருக்கு சார்."

"தெரியுது," என்றார் இக்பால். எண்ணைப் பதிவகத்துக்கு அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, வாசல் வரை அவளோடு வந்தார்.

செய்யூர் முகாம் ரத்தானது. சற்குணத்தை வேனோடு திருப்பி அனுப்பினார்கள், பிறகு வேனை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நடந்ததை அவள் அவனிடம் சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றான். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றாள். அவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். திரும்பி வந்து, அந்தக் கல்யாணப் பத்திரிகைப் பெரியவர் வேனை விட்டு இறங்கும்போது தன்னைச் சபித்துவிட்டு இறங்கினார் என்று சொன்னான். கண் தெரியாமல் படியில் தடுமாறினாராம். சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

வெண்சங்கு அவளைப் பற்றி வெளியே மூச்சு விடவில்லை. விட்டால் ஏன் அனுப்பினீர்கள் என்ற கேள்வி வரும், குழாய் வரும், மற்ற பேட்ச்கள் வரும். சொந்தக் காரணங்களுக்காக விலகினார் என்று ஒரு வரி போட்டு முடித்துவிட்டார்கள். வீட்டுக்காரர் மறுபடி வணக்கம் சொல்வதை நிறுத்தினார். மேகலா தொலைபேசியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். எந்தச் செய்தி வந்தாலும் நல்ல செய்தியாக இருக்காது என்று தோன்றியது.

ஒருநாள் காலை பதினொரு மணிக்கு அது அடித்தது. நிலானி பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள், சற்குணம் வேலை தேடிப் போயிருந்தான். பேசியது ஒரு பெண். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய மருந்து கம்பெனியின் பெயரைச் சொன்னாள். குரலில் அவ்வளவு மரியாதை.

"மேடம், பதிவகத்துல உங்க நம்பர் பார்த்தோம். இவ்வளவு உயர்ந்த நம்பர் இந்த மாநிலத்துலேயே இதுவரைக்கும் யாருக்கும் வந்ததில்லையாம். எங்க எம்.டி. உங்களை விடவே கூடாதுன்னு சொல்லிட்டார். நேர்காணல் கூட வேண்டாம். நேரா இறுதிக் கையெழுத்துக்கே உங்களைப் போடறோம். வர முடியுமா?"

மேகலா தொலைபேசியை இன்னொரு காதுக்கு மாற்றினாள். இக்பால் சொன்னது நினைவுக்கு வந்தது. எதை நினைத்துப் பயப்படுகிறார்கள் என்று அது சொல்லாது.

"என்ன மருந்துங்க அது?" என்று கேட்டாள். குரல் தழுதழுத்தது.

"பச்சைக் குழந்தைங்களுக்குப் போடற ஊசி, மேடம். பொறந்த அன்னைக்கே போடறது."

தெரியாத ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில், துணியில் சுற்றிய கால் ஒன்று உதறுவது மேகலாவின் கண்ணில் தெரிந்தது. அந்தப் பக்கம் அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருந்தாள். மேகலாவின் குரல் நடுக்கமும் அவளுக்குக் கேட்டிருக்கும், அதில் அவளுக்குத் திருப்திதான் இருந்திருக்கும்.

"வர்றேன்," என்றாள் மேகலா. "நாளைக்கே வர்றேன்."